நான்காவது மதிப்பெண்: அமெரிக்கக் கல்லூரி ரைபிள் சாம்பியன்ஷிப்புக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1980 முதல் நடத்திவரும் ரைபிள் சாம்பியன்ஷிப், அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளில் மிக அமைதியானது. என் பார்வையில் மிகக் கடுமையானவற்றுள்ளும் ஒன்று. ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் நின்று, ஒரே அளவு இலக்கை, ஒரே மதிப்பெண் முறையில் சுடுகிறார்கள். முதல், இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் எல்லாம் ஒரே கோப்பைக்காகவே போட்டியிடுகின்றன. இந்தப் போட்டியில் ஒருநாள் சுட வேண்டும் என்ற ஆசையோடு இருக்கும் பள்ளி மாணவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், முதன்முறையாகப் பார்க்கச் செல்பவர்களுக்கும் பயன்படும்படி, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

போட்டியில் இரண்டு துப்பாக்கிகள் உண்டு. ஒன்று ஸ்மால்போர் எனப்படும் பாயிண்ட் 22 ரைபிள். இதை உள்ளரங்கில் 50 அடி தூரத்திலிருந்து, மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என மொத்தம் 60 முறை சுட வேண்டும். மற்றொன்று அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் ஏர் ரைபிள். இதில் 10 மீட்டர் தூரத்திலிருந்து 60 முறையும் நின்றபடியே சுட வேண்டும். ஒவ்வொரு சுடலுக்கும் அதிகபட்சம் 10 புள்ளிகள் என்பதால், ஒருவர் ஒரு துப்பாக்கியில் எடுக்கக்கூடிய முழு மதிப்பெண் 600 ஆகும்.

அணிக் கணக்குதான் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். ஓர் அணிக்காக ஐந்து பேர் சுடுகிறார்கள். அவர்களில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற நால்வருடையது மட்டுமே கணக்கில் சேர்கிறது. ஆக, ஒரு துப்பாக்கிக்கு 2,400, இரண்டும் சேர்ந்து 4,800 என்பது அணியின் உச்ச வரம்பு. இன்று கோப்பையை வெல்லும் அணிகள் 4,700ஐத் தாண்டுகின்றன. அதாவது கணக்கில் சேரும் 480 சுடல்களில் அவர்கள் இழப்பது நூறு புள்ளிகளுக்கும் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஓர் அணியினர் ஸ்மால்போரில் 590, 587, 585, 571, 562 எடுக்கிறார்கள்; நால்வர் கூட்டுத்தொகை 2,333. எதிரணியினர் 586, 586, 585, 584, 580 எடுக்கிறார்கள், கூட்டுத்தொகை 2,341. அரங்கிலேயே சிறந்த இருவர் முதல் அணியில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் எட்டுப் புள்ளிகள் பின்தங்குவதும் அந்த அணியே. காரணம் நான்காவது ஆள் எடுத்த 571. எதிரணியின் ஐந்தாவது ஆளுக்குக்கூட, கணக்கில் சேராவிட்டாலும், 580 இருக்கிறது. நால்வரில் ஒருவர் தடுமாறினாலும் அந்த அணி சரிந்துவிடாது. இந்தக் கணக்கை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இந்த விளையாட்டில் பயிற்சியாளர்கள் எதைத் தேடுகிறார்கள், ஒரு மாணவர் எதற்காக உழைக்க வேண்டும், பார்வையாளர் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்ற மூன்றும் தெளிவாகிவிடும்.

சாம்பியன்ஷிப்புக்கு எட்டு அணிகள் தகுதி பெறுகின்றன. பருவத்தில் அணி எடுத்த உயர்ந்த மதிப்பெண்களின் சராசரியும், அதற்கென்றே தனியாகச் சுடப்படும் தகுதிப் போட்டியின் மதிப்பெண்ணும் சேர்ந்து அந்த எட்டைத் தீர்மானிக்கின்றன. அணியாகத் தகுதி பெறாத கல்லூரிகளிலிருந்தும் தனிநபராகச் சிலர் வருவதுண்டு. பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி மார்ச் மாதச் சாம்பியன்ஷிப்போடு முடிகிறது.

வரலாற்றையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் மூன்று கோப்பைகளை டென்னசி டெக் வென்றது. அதன்பின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் 2017 வரை 19 முறை வென்றது. அவற்றில் கடைசி ஐந்தும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவை. அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் அணி 1999 முதல் 2004 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையைக் கையில் வைத்திருந்தது. டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 2010இல் வென்றபோது, பெண்கள் மட்டுமே கொண்ட ஓர் அணி கோப்பையை வெல்வது அதுவே முதல் முறை. பெண்களால் ஆண்களுக்கு நிகராகச் சுட முடியுமா என்ற கேள்வியை இனியும் எழுப்புவோருக்கு அந்த ஆண்டின் முடிவே போதுமான பதில்.

இரண்டாம் படி: சுடுதளத்துக்குள் நுழைதல்

அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரி வீரர்கள் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியவர்கள். 4-ஹெச் என்ற இளைஞர் அமைப்பின் மன்றங்கள், ஜூனியர் ஆர்.ஓ.டி.சி. எனப்படும் பள்ளி ராணுவப் பயிற்சிப் பிரிவுகள், உள்ளூர் ஜூனியர் ரைபிள் மன்றங்கள் ஆகியவை பொதுவான நுழைவாயில்கள். சி.எம்.பி. என்ற துப்பாக்கி சுடும் பயிற்சி அமைப்பு ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரியிலும் அலபாமா மாநிலத்தின் ஆனிஸ்டனிலும் மின்னணு இலக்குகள் கொண்ட பெரிய உள்ளரங்கச் சுடுதளங்களை நடத்துகிறது. பள்ளி மாணவர்களுக்கான, படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுடும் மூன்று நிலை ஏர் ரைபிள் போட்டிகளில் ஸ்போர்ட்டர், பிரிசிஷன் என இரு வகுப்புகள் உண்டு. ஸ்போர்ட்டரில் எளிய துப்பாக்கியும் சாதாரண உடையும் போதும். பிரிசிஷனில் போட்டித் தரமான துப்பாக்கியும் தனி உடையும் பயன்படுத்தலாம். கல்லூரிப் போட்டிக்கு நெருக்கமானது இரண்டாவதுதான் என்றாலும், முதலாவதில் தொடங்குவதால் எந்த நட்டமும் இல்லை.

முதல் நாள் கற்றுக்கொள்ள வேண்டியது சுடுவதை அன்று, பாதுகாப்பை. குழல்முனை எப்போதும் இலக்கு இருக்கும் திசையையே நோக்க வேண்டும். சுடத் தயாராகும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. சுடாத நேரத்தில், குண்டு வைக்கும் அறையை மூடும் போல்ட் திறந்திருக்க வேண்டும். அந்த அறை காலியாக இருப்பதைக் காட்டும் வண்ணக் கொடி உள்ளே செருகப்பட்டிருக்க வேண்டும். யாராவது இலக்குப் பக்கம் சென்றிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிய வேண்டும். ஸ்மால்போர் சுட்டபின் ஈயத் துகள் கையில் ஒட்டியிருக்கும் என்பதால், எதையும் உண்பதற்கு முன் குளிர்ந்த நீராலும் சோப்பாலும் கை கழுவும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இந்த விதிகளை ஒரு முறை மீறியவரைப் பயிற்சியாளர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால், அவர் செய்தது சரிதான்.

மூன்றாம் படி: உபகரணம் வாங்க அவசரப்படாதீர்கள்

கேன்வாஸாலும் தோலாலும் தைத்த கனத்த ஜாக்கெட், அதே வகைக் காற்சட்டை, தட்டையான அடிப்பகுதி கொண்ட காலணி, இடக்கைக்கான தடித்த கையுறை, ஸ்லிங் எனப்படும் கைப்பட்டை, மண்டியிடும்போது கணுக்காலுக்கு அடியில் வைக்கும் உருளைத் தலையணை ஆகியவை தேவைப்படும். ஏர் ரைபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. உடையின் தடிப்புக்கும் விறைப்புக்கும் வரம்பு உண்டு. அதிக விறைப்பான ஜாக்கெட் உடலைச் சிலைபோல் தாங்கிவிடும் என்பதால், போட்டிக்கு முன் கருவி கொண்டு அளந்து பார்க்கிறார்கள்.

அன்ஷுட்ஸ், ஃபைன்வெர்க்பாவ், வால்தர் போன்ற நிறுவனங்களின் துப்பாக்கிகளே சுடுதளங்களில் பெரும்பாலும் காணப்படுகின்றன. ஆயினும் முதல் ஆண்டில் மன்றத்தின் துப்பாக்கியையே பயன்படுத்துங்கள். பணத்தைச் செலவிட வேண்டுமானால், முதலில் உங்கள் உடலுக்குச் சரியாகப் பொருந்தும் ஜாக்கெட்டுக்கும் காலணிக்கும் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. இரவல் துப்பாக்கியைத் திருகிச் சரிசெய்து பயன்படுத்தலாம். இரவல் ஜாக்கெட்டை அப்படிச் செய்ய முடியாது. ஏர் ரைபிளின் காற்றுச் சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும், அதைக் கவனிப்பது வீரரின் பொறுப்பே என்பதையும் மறவாதீர்கள்.

நான்காம் படி: எலும்பால் தாங்குங்கள், தசையால் அல்ல

மூன்று நிலைகளுக்கும் அடிப்படை ஒன்றே: துப்பாக்கியின் எடையை எலும்புகள் நேராகத் தரைக்குக் கடத்த வேண்டும். தசை சோர்வடையும், நடுங்கும்; எலும்பு சோர்வடையாது. இங்கே வலக்கையால் சுடுபவரை வைத்துச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

படுத்த நிலையில் இட முழங்கை தரையில் ஊன்றியிருக்க, கைப்பட்டையே எடையைத் தாங்குகிறது. முன்கை தரையிலிருந்து குறைந்தது 30 பாகைக் கோணத்தில் உயர்ந்திருக்க வேண்டும். மூன்றில் எளிமையானது இதுவே. இங்கே புள்ளிகளை இழந்தால் வேறெங்கும் மீட்க முடியாது.

மண்டியிட்ட நிலையில் வலக்குதிகாலின் மேல் உடல் அமர்கிறது. இட முழங்கை இட முழங்காலில் ஊன்றுகிறது. முழங்கை மூட்டு முழங்கால் மூட்டின் உச்சியில் நேராக உட்கார்ந்தால் வழுக்கும். சற்று முன்னோ பின்னோ தள்ளி வைத்தால்தான் நிலைக்கும். புதியவர்கள் பலர் இந்த நிலையில் ஒரு விந்தையைக் காண்பார்கள்: இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும், குழல்முனையில் உள்ள பார்வைக்குறியான முன்வளையம் மெல்லத் துள்ளும். கைப்பட்டை மேற்கையின் தமனியை அழுத்துவதால் நாடித்துடிப்பு துப்பாக்கிக்குக் கடத்தப்படுகிறது. பட்டையைக் கையில் சற்று மேலேயோ வெளிப்புறமாகவோ நகர்த்தினால் துள்ளல் குறையும்.

நின்ற நிலைதான் போட்டியைத் தீர்மானிப்பது. கைப்பட்டைக்கு இங்கே அனுமதியில்லை. இட முழங்கை இடுப்பெலும்பில் சாய, முதுகு சற்றே பின்னோக்கியும் வலப்புறமாகவும் வளைய, துப்பாக்கி கைவிரல்களின் மேல் அல்லது மடக்கிய கையின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கிறது. எந்த வீரரும் இதில் முழு அசைவின்மையை எட்டுவதில்லை. அசைவைச் சிறிதாக்கி, அதன் தாளத்தைப் பழகிக்கொள்வதே பயிற்சியின் நோக்கம். ஏர் ரைபிளின் 60 சுடல்களும், ஸ்மால்போரின் 20 சுடல்களும் நின்றபடியே சுடப்படுவதால், ஒருவரின் 120 சுடல்களில் 80 இந்த நிலையில்தான். ஆகவே உங்கள் பயிற்சி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

எந்த நிலையிலும், உடலை அமைத்துக்கொண்டதும் இலக்கைப் பார்த்து, கண்களை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டு, மீண்டும் திறந்து பாருங்கள். முன்வளையம் இலக்கை விட்டு விலகியிருந்தால், கையால் தள்ளிச் சரிசெய்யாமல், பாதத்தையோ முழங்கையையோ நகர்த்தி முழு உடலையும் திருப்புங்கள். கையால் தள்ளி நிறுத்திய துப்பாக்கி, விசை விடுபடும் கணத்தில் தன் இயல்பான இடத்துக்கே திரும்பிவிடும்.

ஐந்தாம் படி: ஒரு சுடலை அருகிலிருந்து பார்ப்போம்

ஏர் ரைபிள் இலக்கின் 10 புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ. குறுக்களவு கொண்ட புள்ளி. ஏர் ரைபிளின் சிறு குண்டான பெல்லட் 4.5 மி.மீ. அகலம். பெல்லட்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். 10 மீட்டருக்கு அப்பால் அந்த 2.5 மி.மீ. என்பது, முக்கால் மீட்டர் இடைவெளியில் இருக்கும், கண்ணருகே உள்ள பின்துளைக்கும் முன்வளையத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. பிசகு. ஒரு தாளை இரண்டாக மடித்த தடிப்புக்கு அது சமம்.

துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, கன்னத்தை அதன் தாங்கியில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் இறக்குகிறார் வீரர். மூச்சை இழுத்து விடும்போது முன்வளையம் மேலிருந்து இலக்குக்குள் இறங்குகிறது. மூச்சு இயல்பாக ஓய்ந்து நிற்கும் அந்த இடைவெளியில் விரல், இரு கட்டமாக இயங்கும் விசையின் முதல் கட்டத்தை அழுத்திவிட்டிருக்கிறது. வளையத்துக்குள் கரும்புள்ளி அமைதியடைந்ததும், அழுத்தம் கூடி, விசை விடுபடுகிறது. அதன்பின் ஒரு விநாடி அவர் எதையும் மாற்றுவதில்லை; கன்னம் எழுவதில்லை, விரல் திரும்புவதில்லை. பெல்லட் குழலை விட்டு வெளியேறும்வரை துப்பாக்கி அசையக் கூடாது என்பதற்காகவே இந்தக் காத்திருப்பு.

பிறகு, குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் திரையைப் பார்ப்பதற்கு முன்பே, அது எங்கே விழுந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். ‘இரண்டு மணித் திசையில் ஒன்பது’ என்று நீங்கள் சொல்லித் திரையும் அதையே காட்டினால், உங்கள் கண் உண்மையைப் பார்க்கிறது. சொன்னதற்கும் காட்டுவதற்கும் தொடர்ந்து வேறுபாடு இருந்தால், பார்வைக்குறியிலோ நிலையிலோ கோளாறு இருக்கிறது. இந்தப் பழக்கத்தைவிடப் பயனுள்ள ஒன்றை நான் அறியேன்.

பத்து விநாடிக்குள் விசை விடுபடாவிட்டால், துப்பாக்கியை இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கண் ஒரே காட்சியை நெடுநேரம் பார்த்தால் பழைய படமே விழித்திரையில் தங்கிவிடும், பிராணவாயுவும் குறையும். இறக்கிவைக்கும் துணிவு இல்லாமல் பிடிவாதமாக எடுக்கும் சுடலே பெரும்பாலான எட்டுகளுக்குக் காரணம். பெல்லட் இல்லாமல் வெறும் விசையை மட்டும் இழுத்துப் பழகும் ட்ரை ஃபயர் பயிற்சியை அன்றாடம் செய்யுங்கள். ஆனால் துப்பாக்கி காலியாக இருப்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் சரிபார்த்த பிறகே செய்யுங்கள்.

ஆறாம் படி: கல்லூரியைத் தேடுதல்

ரைபிள் அணி உள்ள கல்லூரிகள் மிகச் சிலவே, இடமும் குறைவு. நெடுங்காலமாக ஓர் அணிக்கு 3.6 முழு உதவித்தொகை என்பதே வரம்பாக இருந்தது; அதைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆகவே முழு உதவித்தொகையை நம்பிக் குடும்பத்தின் கணக்கைப் போடாதீர்கள். என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவுசெய்வதையும், கட்டாயப் பாடங்களை முடிப்பதையும் பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலேயே திட்டமிடுங்கள்.

பயிற்சியாளருக்கு எழுதும்போது, வாழ்நாள் உச்ச மதிப்பெண்ணை மட்டும் பெரிதாகக் காட்டும் மடலைப் பலர் அனுப்புகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கடந்த பத்துப் போட்டிகளின் மதிப்பெண்களையும், துப்பாக்கிவாரியாக, நிலைவாரியாக, தாழ்ந்தவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். முன்பு பார்த்த கணக்கை நினைவுகூருங்கள்: ஒருநாள் 592, மறுநாள் 568 சுடுபவரைவிட, எந்நாளும் 582க்குக் கீழே இறங்காதவரே அணிக்கு அதிகம் உதவுவார். இதற்கு ஒரு குறிப்பேடு அவசியம். ஒவ்வொரு பயிற்சியின் மதிப்பெண்ணோடு, தூக்கம், ஒளி, பார்வைக்குறி அளவு, அன்று பலித்த ஒரு விஷயம் ஆகியவற்றையும் எழுதிவைத்தால், உங்கள் தாழ்ந்த நாள்களுக்கு எது காரணம் என்பது சில மாதங்களில் புலப்படும்.

உதவித்தொகை இல்லாமல் அணியில் சேரும் வழியும் உண்டு. தாமதமாகத் தொடங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். பனிச்சறுக்கு நடனம் பயின்றுவந்த ஜின்னி த்ராஷர், பதின்ம வயதில்தான் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். 2016 மார்ச்சில், மேற்கு வர்ஜீனியாவின் முதலாமாண்டு மாணவியாக, இரண்டு துப்பாக்கிகளிலும் தனிநபர் பட்டம் வென்றார். அதே ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கப் பதக்கமே அவருடையதாயிற்று. டோக்கியோவில் ஆண்கள் ஏர் ரைபிள் தங்கம் வென்ற வில் ஷேனரும் கென்டக்கி அணியில் சுட்டவர்தான்.

ஏழாம் படி: போட்டி நாள்

விமானத்தில் செல்வதானால், துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, சரக்குப் பகுதிக்கு அனுப்பும்போதே அதை அறிவிக்க வேண்டும். காற்றுச் சிலிண்டரைப் பற்றிய விதியை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். உபகரணச் சோதனையை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

சர்வதேச விதிமுறையில் ஏர் ரைபிளின் 60 சுடல்களுக்கு 75 நிமிடம்; அதற்கு முன் ஆயத்தத்துக்கும், கணக்கில் சேராத சோதனைச் சுடலுக்கும் 15 நிமிடம் கிடைக்கும். சோதனைச் சுடல்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. ஸ்மால்போரில் ஒவ்வொரு நிலை மாற்றத்திலும் கன்னத் தாங்கி, தோள் தாங்கி, கைநிறுத்தி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த அளவுகளை ஓர் அட்டையில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். நிலை மாறியதும் திரையைச் சோதனை முறைக்கு மாற்றிய பிறகே முதல் குண்டைச் சுடுங்கள். மாற்ற மறந்து, சரிபார்க்காத பார்வைக்குறியோடு சுட்ட குண்டு ஏழு என்று கணக்கில் ஏறிவிட்டால், அதைத் திரும்பப் பெற முடியாது.

ஒவ்வொரு சுடலுக்கும் முன் இலக்கின் மேலுள்ள எண்ணைப் பாருங்கள். இது வெறும் சம்பிரதாயம் அன்று. அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸில் சுட்டுப் பழகிய மாட் எமன்ஸ், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் படுத்த நிலைப் போட்டியில் தங்கம் வென்ற சில நாள்களிலேயே, மூன்று நிலை இறுதிச்சுற்றின் கடைசிச் சுடலை முன்னிலையில் இருந்தபடி, பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டுவிட்டார். தன் இலக்கில் விழுந்திருந்தால் தங்கத்துக்குப் போதுமான சுடல்தான், ஆனால் மதிப்பெண் சுழியம். தங்கத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு இறங்கினார். அத்தனை தேர்ந்தவருக்கே நேர்ந்தது என்பதால், இந்த ஒரு பார்வையை உங்கள் சுடல் வரிசையின் நிரந்தரப் பகுதியாக்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் ஓர் எட்டு விழுந்துவிட்டால், துப்பாக்கியை இறக்கி, இரண்டு முறை ட்ரை ஃபயர் செய்து, அடுத்ததை முதல் சுடலைப்போல் தொடங்குங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஆசை வரும். அணிக் கணக்கைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.

பார்வையாளர்களுக்கு

சாம்பியன்ஷிப்பில் 60 சுடல்கள் கொண்ட தகுதிச்சுற்றில் முழு எண்களில் மதிப்பெண் தரப்படும். அதில் முன்னணி பெறும் எட்டுப் பேர் தனிநபர் இறுதிச்சுற்றுக்குச் செல்வார்கள். அங்கே ஒவ்வொரு சுடலும் 10.9 வரை தசமப் புள்ளியில் அளக்கப்படுகிறது. இறுதிச்சுற்றின் மதிப்பெண் அணிக் கணக்கில் சேராது என்பதால், கோப்பை யாருக்கு என்பதைத் தகுதிச்சுற்றுகளே முடிவுசெய்கின்றன. புகைப்படம் எடுக்கும்போது ஃபிளாஷ் பயன்படுத்தாதீர்கள். கைப்பேசியை ஒலியின்றி வையுங்கள்.

ஸ்மால்போர் நின்ற நிலையின் கடைசி இருபது நிமிடத்தைப் போல இன்னொரு நேரம் இந்தப் போட்டியில் இல்லை. வேகமாகச் சுட்டவர்கள் முடித்து, கொடியைச் செருகி, பின்னால் வந்து அமர்ந்துவிடுவார்கள். ஒவ்வோர் அணியிலும் ஒருவர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருப்பார். பலமுறை துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, சுடாமலே இறக்குவார். அணிப் பட்டியலில் அவருடைய பெயர் பெரும்பாலும் நான்காவது வரியில் இருக்கும். அவருடைய தோழர்கள் திரையைப் பார்க்காமல் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அவரையே பாருங்கள்.